யாரும் மறுக்கவில்லை

"வந்திருக்கிறவங்க பேரை எழுதிக்கிறேன். ஆய்வு நெறிமுறைக் குழுத்தலைவி நான், நூலகர், வக்கீலம்மா, பேராசிரியர்..." தலைவியின் பேனா நின்றது. "ஐயா, நீங்க யாரு?"

"இவனோட அக்கா புருஷன். அத்தான்," என்று பேராசிரியரைக் காட்டினார் ஓய்வுபெற்ற பத்திரப்பதிவு அதிகாரி, நாற்காலியில் முதுகு சாயாமல். "எங்க குடும்பத்துல விசாரணைன்னு ஒருத்தன் போய் நின்னதில்ல. தனியா அனுப்ப முடியுமா?"

"விசாரணை இல்லீங்க. சும்மா ஒரு விளக்கம்."

"விளக்கம்னா வீட்டுக்கு வந்து கேக்கலாமே."

பேராசிரியர் அவர் முழங்கையைத் தொட்டார். அத்தான் அடங்கினார். ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதல். பேராசிரியர் உள்ளே நுழைந்தபோது குழுவினர் மூவரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். மூவருமே ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர்கள்.

"சார், உங்க ஆய்வுக்கு உங்க வகுப்புப் பிள்ளைங்க அறுபது பேரையே சேத்திருக்கீங்க," என்றார் தலைவி.

"கட்டாயப்படுத்தலம்மா. படிவம் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டாங்க."

"அதான் சார் பிரச்சினை. அறுபதுல ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லல. மார்க் போடுற கையே படிவத்தை நீட்டினா யார் மறுப்பாங்க?"

"படிவத்துல ஏதாவது குறை இருக்கா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "படிவம் அருமையா இருக்கு சார்," என்றார் நூலகர் அவசரமாக.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "வாத்தியாரையே கேள்வி கேக்குறீங்க. நாங்கல்லாம் வாத்தியார் முன்னாடி வாயத் திறந்ததில்ல."

"அதைத்தான் ஐயா நாங்களும் சொல்றோம்," என்றார் தலைவி.

பேராசிரியர் சற்று யோசித்தார். "நீங்க சொல்றது நியாயம்தான். அறுபது பேரையும் இப்பவே விடுவிச்சிடுறேன்." மேசைமேல் ஒரு தாளை வைத்தார். "எல்லாரும் இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அத்தான், நீங்களும்."

தலைவி போட்டார். நூலகர் போட்டார். வக்கீலம்மா எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போட்டார். அத்தான் தன் பெயரோடு அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சேர்த்து, குடும்பத்துக்குத் தகுந்த அகலத்தில் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் அவர் வெடித்தார். "மாப்பிள்ளை, மானத்தைக் கப்பலேத்திட்டியே. மூணு வருஷ உழைப்பு. நேத்து உங்கிட்டப் படிச்சதுங்க சொல்லுதுன்னு தலையாட்டிட்டு வர்ற. உங்க அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

பேராசிரியர் தாளை நீட்டினார். "இப்பவாவது படிச்சுப் பாருங்க அத்தான்."

அத்தான் கண்ணாடியை மாட்டினார். மூன்றாவது வரியில் மீசை துடித்தது. "இதையா அந்த அறுபது பிள்ளைங்ககிட்டயும் வாங்கின?"

"இதேதான். ஒரு எழுத்து மாத்தல. வாத்தியார் நீட்டுற தாளை எத்தனை பேர் படிக்கிறாங்கங்கிறதுதான் என் ஆய்வே."

குழுவினர் பேராசிரியரைக் கூப்பிட்டு வைத்துத் தண்டித்துவிட்டார்கள் என்று கல்லூரியில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுத் தண்ணீர்த்தொட்டியில் இறங்கித் தேய்த்துக் கழுவித் தருவதாக மனமார ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்கள் குழுவினர் மூவரும் அத்தானும்தான். எழுதிக் கொடுத்த வாக்கு தவறாத குடும்பம் என்பதால், முதலில் வந்து வேட்டியை மடித்துக் கட்டியவர் அத்தான்.