எழுந்துபோக விடாதவள்

மறுபடியும் ஐந்து நட்சத்திரம்.

அவள் காப்பியைக் கீழே வைத்தாள்.

தனியாகக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் துணை தேடித் தரும் செயலி அது. வடிவமைத்தவள் அவள்தான். வெளியாகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சோதித்துப் பார்ப்பதற்குப் பொய்யாக ஓர் ஆள் தேவைப்பட்டது. இந்த வேலையில் எல்லாரும் வாய்க்கு வந்த பெயரைப் போட்டு நிரப்புவார்கள். அவள் வாய்க்கு வந்தது அக்காவின் பெயர். சுகந்தி. பிடித்த ராகம், உட்காரப் பிடித்த வரிசை, எல்லாமே அக்காவுடையவை. படம் மட்டும் போடவில்லை. இறந்தவளின் படத்தை அதில் போட மனம் வரவில்லை.

வெளியிடுகிற அவசரத்தில் அந்தப் பொய்க் கணக்கை நீக்க மறந்துபோனாள்.

இப்போது சுகந்தியோடு கச்சேரி கேட்டவர்கள் மதிப்புரை எழுதுகிறார்கள்.

"மேடம் நல்ல ரசிகை. மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் பாதி ஹால் கேண்டீனுக்குக் கிளம்பிடுச்சு. என்னை மட்டும் விடலை. மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஏசி ஜாஸ்தி போல, கை ஜில்லுனு இருந்தது."

மணிக்கட்டைப் பற்றி அவள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அது அக்காவின் பிடி. வெளியே போண்டா வாசனை மூக்கைத் துளைக்க, அந்தப் பிடிக்குள் உட்கார்ந்து எத்தனையோ தனி ஆவர்த்தனம் கேட்டிருக்கிறாள். அக்கா போன பிறகு ஒரு கச்சேரிக்கும் போகவில்லை.

பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. யார் யாரோ அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள்.

தன் கணக்கிலிருந்து சுகந்திக்கு அழைப்பு அனுப்பினாள். இன்று மாலை, மயிலாப்பூரில்.

எதிர் மேசையிலிருந்து ஹமீதா எட்டிப் பார்த்தாள். பயனர்களைப் போனில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பது அவள் வேலை.

"யாருடி இந்த சுகந்தி? அவங்களோட போனவங்க ஒருத்தரும் போன் எடுக்க மாட்டேங்கறாங்க. ஒருத்தர் வீட்டுல எடுத்தாங்க. அழுதாங்க, வச்சிட்டாங்க."

"பாக்கறேன்" என்றாள்.

நீக்குவதற்கு ஒரு பொத்தான் போதும். விரல் அதன்மேல்தான் இருந்தது.

அப்போது பதில் வந்தது. அழைப்பு மறுக்கப்பட்டிருந்தது. கீழே ஒரே ஒரு வரி.

நீ வேண்டாம்டி.

அவள் கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காமேல் இவ்வளவு பாசம் வந்ததே இல்லை. இவ்வளவு கோபமும்.

திரும்பி வந்து புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். வேறு பெயர். வேறு ஊர். பிடித்த ராகத்தைக்கூட மாற்றிப் போட்டாள். அதே கச்சேரிக்கு, சுகந்திக்கு, இன்னோர் அழைப்பு.

மறுத்துவிடுவாள் என்று காத்திருந்தாள். எந்தப் பெயரில் வந்தாலும் தங்கையைத் தெரியாமலா போகும்.

உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அக்காவுக்குத் தன்னைத் தெரியவில்லை. அதுதான் முதலில் வலித்தது.

ஹமீதாவிடம் தலைவலி என்றாள்.

"வீட்டுக்குப் போய்ப் படு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் தலையாட்டிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.