கணினியில் காலை எட்டு

மறுபடியும் அதே கதை. வட்டம் சுற்றியது, நின்றது, பிரௌசர் திறக்கவில்லை.

நான் கணினியைத் திட்டினேன். மெதுவாகத்தான். பக்கத்தில் சாமி அறையைத் துடைத்துக்கொண்டிருந்தார் அப்பா.

நேற்று இரவு அக்கா புனிதா கடைசியாக அனுப்பிய மின்னஞ்சல், வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன் என்பது. படித்த சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தேன். ஹேண்ட்போன் நேரே குளியலறை வாளிக்குள் போனது.

இப்போது அது ஜெலாப்பாங்கில் ஒரு ரிப்பேர் கடையில் காய்ந்துகொண்டிருக்கிறது. குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா, அக்கா நன்றாக இருக்கிறாளா, எல்லாம் என் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். அதைத் திறக்க வீட்டில் இந்தப் பழைய கணினியை விட்டால் வேறு வழியில்லை.

வழக்கமான பிரௌசரில் திறக்க முடியாது. அப்பா எதையும் தட்டித் தேடமாட்டார். நேற்றுக் கேட்ட பாட்டை இன்றும் கேட்க ஹிஸ்டரியைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிப்பார்.

அக்கா யாரிடமும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அயர்லாந்துக்குப் போனவள். அன்றிலிருந்து அப்பா அவள் பெயரை எடுத்ததில்லை. அவருக்குப் பயந்து நாங்களும் எடுத்ததில்லை.

பக்கத்து வீட்டு ஷர்வின்தான் கல்யாணத்துக்குப் போகிற அவசரத்திலும் இந்தப் புது பிரௌசரைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். இதில் நீங்கள் என்ன பார்த்தாலும் அரசாங்கத்துக்கே தெரியாதாம். அரசாங்கம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. புந்தோங் பஸ் ஓட்டிய என் அப்பா பத்துமலைக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன். வைரஸ் தடுப்பை நிறுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்பா குளிக்கப் போனார். ஓய்வு பெற்ற பிறகு வந்த விசித்திரப் பழக்கம் இது. விடிகாலையில் விளக்கேற்றிவிட்டு பஸ் எடுத்தவர், இப்போது தினமும் மத்தியானத்தில்தான் குளித்து, விபூதி பூசி, விளக்கேற்றுகிறார்.

"மத்தியானத்துல எந்தச் சாமி லா முழிச்சிருக்கு?" என்று அம்மா அடுப்படியிலிருந்து வழக்கம்போல் கேட்டார். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் கடைசியாகப் பொறுமையை வரவழைத்துக்கொண்டு அந்தப் பிழைச் செய்தியை முழுதாகப் படித்தேன். இணைக்க முடியவில்லை, உங்கள் கணினியின் மணி தவறாக இருக்கலாம் என்றிருந்தது.

திரையின் மூலையில் காலை எட்டு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

இந்த மணி போன வாரமும் தப்பாகத்தான் இருந்தது. உள்ளே பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் இன்று அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன். மூன்று மணி. மணிதான் வேறு, நிமிட முள் அச்சாகப் பொருந்தியது. செத்த பேட்டரிக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மணியைச் சரி செய்தேன்.

பிரௌசர் நல்ல பிள்ளையாக உடனே திறந்தது.

அக்காவின் மின்னஞ்சலில் ஒரே ஒரு படம், அடியில் 'என் மகள் - புனிதா' என்று ஒரு வரி. ரோஸ் நிறப் போர்வைக்குள் ஒரு சின்ன முகம், யாரோடோ சண்டைக்குப் போவதுபோல் ஒரு கை மட்டும் வெளியே. பெண்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது.

பின்னால் தீப்பெட்டி குலுங்கும் சத்தம். திரும்பினேன். ஈரத் தலையும் விபூதியுமாக அப்பா நின்றிருந்தார். மூடவோ மறைக்கவோ நேரமில்லை.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. திரையின் மூலையைப் பார்த்தார்.

"மணிய ஏன் மாத்துன லா? அவ ஊர்ல விடிஞ்சிருச்சான்னு பாத்துத்தானே நான் வெளக்கு ஏத்துறது!"

நான் நாற்காலியை நகர்த்தி வழிவிட்டு, படத்தைப் பெரிதாக்கினேன்.

அப்பா குனிந்தார். கண்ணாடி இல்லாமலே பார்த்தார். பிறகு, புனிதாவுக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று தெருவே கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

அவர்கள் இருவரும் மூக்கு யாருடையது என்று சண்டை போட்டு முடித்து விளக்கேற்றப் போனதும், நான் மணியைப் பழையபடி காலை எட்டுக்கு மாற்றினேன்.

பிரௌசர் திரும்பவும் படுத்துக்கொண்டது. படுக்கட்டும்.