கொடிக்கம்பத்துக்குக் கிடைத்த மரியாதை

ஜெர்மனியில் ஒரு போர் விமானத்தளம். அங்கிருந்த கொடிக்கம்பத்துக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. எந்தப் படை வந்தாலும் தன் உச்சியில்தானே கொடி ஏறுகிறது, வீரர்கள் சல்யூட் அடிக்கிறார்கள்!

"அது உனக்கில்லப்பா, கொடிக்கு" என்று சிரிக்கும், பக்கத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை.

"கொடி நாலு தடவை மாறிடுச்சு. நான் மாறினேனா?" என்று மடக்கும் கம்பம்.

கடைசிப் படையும் கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. ஊர்க்காரர்கள் ரம்பத்தோடு வந்தார்கள். கம்பம் வெலவெலத்துப் போனது. அதை அறுத்து, ஓடுபாதை ஓரப் புல்தரையில் கோல் போஸ்ட்டுக்குக் குறுக்குச் சட்டமாக மாட்டினார்கள்.

"இப்ப என்ன சொல்றே?" என்றது துணிப்பை.

அந்த நேரம் பார்த்துக் கம்பத்துக்கு அடியில் ஒரு பந்து பாய்ந்தது. ஊரே துள்ளிக் குதித்தது.

"பார்த்தியா!" என்று பூரித்தது கம்பம். "பட்டாளத்துக்காரன் ஒரு கையைத்தான் தூக்கினான். இவங்க ரெண்டு கையையும் தூக்குறாங்க!"