மாப்பிள்ளைத் தோழன்

டுவைட்தான் மாப்பிள்ளைக்கு டை கட்டிவிட்டான்.

"டேய், மெதுவாடா. மூச்சு முட்டுது" என்றான் ரஸ்ஸல்.

"உலைக்குப் பக்கத்துல நாள் பூரா நிக்கிறவன், ஒரு டைக்குப் போய் இப்படி வேர்க்கறியே. ஆடாம நில்லு."

திங்கட்கிழமை காலை, அமெரிக்காவின் டோலிடோ நகர நீதிமன்றத்தின் தாழ்வாரம். ரஸ்ஸல் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். தலை நரைக்கும் வரை கல்யாணப் பேச்சே எடுக்காதவன். டுவைட் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வீடுகளுக்குக் கூரை போடுவது தொழில்.

மணப்பெண் லோர்னா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளிர் நீலக் கவுனுக்குக் கீழே வீட்டுச் செருப்பு. பாதங்கள் அவ்வளவு வீங்கியிருந்தன. மடியில் டுவைட் வாங்கி வந்த பூங்கொத்து.

அவள் பக்கத்தில் காப்பீட்டு ஏஜென்ட் மிஸஸ் ஹார்லன். இந்தக் கல்யாணத்துக்கு விதை போட்டவரே அவர்தான்.

எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாத நோயாளிகளுக்கு எப்படியாவது மருத்துவக் காப்பீடு தேடித் தருபவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். நோய் இருந்தால் வேண்டாம் என்று கம்பெனிகள் தாராளமாகச் சொல்லலாம்; சட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது. லோர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். இதயம் பழுதாகி வேலை போனது. வேலையோடு காப்பீடும் போனது.

டுவைட்தான் அவளை மிஸஸ் ஹார்லனிடம் அழைத்துப் போனான். அவரும் குளிர்காலம் முழுக்கக் கம்பெனி கம்பெனியாகப் பேசிப் பார்த்தார். கடைசியில் ஒன்றே ஒன்று இறங்கி வந்தது.

"இதயத்தைத் தவிர மத்த எல்லாத்துக்கும் தர்றாங்களாம்" என்றார் தயங்கியபடி.

லோர்னா சிரித்தாள். "அப்போ ஆஸ்பத்திரிக்குப் போறப்ப இதயத்தை வீட்ல கழட்டி வெச்சுட்டுப் போகட்டுமா?"

"வால்வை மாத்தலேன்னா இந்தக் கோடை தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்ங்க" என்றான் டுவைட். "வேற வழியே இல்லையா?"

மிஸஸ் ஹார்லன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பெரிய தொழிற்சாலைங்க எடுக்கற காப்பீட்ல நோயைப் பத்திக் கேள்வியே கிடையாது. அங்க வேலை பார்க்கறவரோட மனைவின்னா போதும், அடுத்த நாளே சேர்த்துக்குவாங்க. அந்த மாதிரி யாராவது..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு டுவைட் மெதுவாகச் சொன்னான். "ரஸ்ஸலுக்கு இருக்கு."

லோர்னா விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் பல நாள் அவள் டுவைட்டோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் விடவில்லை. ரஸ்ஸலின் கையைப் பிடித்துக் கெஞ்சியது, அவளைச் சம்மதிக்க வைத்தது, நீதிமன்றத்துக்கு அலைந்தது எல்லாம் அவன்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதிக்கு நல்ல குரல். இன்பத்திலும் துன்பத்திலும், நோயிலும் நலத்திலும் என்று அவர் சொல்லச் சொல்ல, இருவரும் திருப்பிச் சொன்னார்கள்.

"மோதிரம்?"

டுவைட் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். புதிதல்ல அது, ஓரங்கள் தேய்ந்திருந்தன. லோர்னாவின் விரலில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"இனி மனைவிக்கு முத்தம் கொடுக்கலாம்."

ரஸ்ஸல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். நீதிபதி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வெட்கமா? போகப் போகச் சரியாயிடும்பா."

வாசலில் லோர்னாவின் பெட்டியை டுவைட்டே ரஸ்ஸலின் காரில் ஏற்றினான். கம்பெனியிலிருந்து யாராவது விசாரிக்க வந்தால் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று மிஸஸ் ஹார்லன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு தலகாணி வெச்சுக் குடுடா. மட்டமாப் படுத்தா அவளுக்கு மூச்சு வாங்கும். உப்பு கேப்பா, கெஞ்சுவா. குடுத்துடாதே."

"மாடி ரூமை ஒழிச்சு வெச்சிருக்கேன்டா. நான் கீழ சோபாவுல படுத்துப்பேன்." ரஸ்ஸல் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

லோர்னா காரின் கண்ணாடியை இறக்கினாள். "டுவைட், காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். கிளம்பு."

"பொய் சொல்லாதே."

கார் நகர்ந்தது. மிஸஸ் ஹார்லன் அவன் தோளைத் தொட்டார். "இதைவிட நல்ல வழி என்னால காட்ட முடியலை. மன்னிச்சிடுப்பா."

"அவ உயிரோட இருப்பா. அது போதும்."

அவரும் போய்விட்டார். டுவைட் அசையவில்லை. கார் திரும்பிய முனையையே பார்த்துக்கொண்டிருந்தவன், பிறகு நீதிமன்றப் படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

கதவருகே நின்றிருந்த வயதான காவலாளிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து, முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"இங்க கல்யாணம் முடிஞ்சு இப்படி அழற அண்ணன்காரங்க எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன், தம்பி. மாப்பிள்ளை தங்கமானவராத்தான் தெரியறார். உன் தங்கச்சியை நல்லாப் பாத்துப்பார்."

டுவைட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"தங்கச்சி இல்லீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் என் பொண்டாட்டி."