திருத்திய இதயம்

"இதயம் என் கையிலதான் இருக்கு! இன்னும் இருபது நிமிஷத்துல இது ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போயாகணும்!"

லிஃப்ட் சுவரில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்து அவள் கத்தினாள். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று பத்து நிமிடமாகிவிட்டது. விளக்கு மட்டும் எரிந்தது, விசிறி நின்றிருந்தது. செல்போனில் பேருக்குக்கூட ஒரு கோடு சிக்னல் இல்லை.

"கத்தாதீங்க மேடம். மெக்கானிக் கிளம்பிட்டாரு," என்றது ஸ்பீக்கர்.

"எங்கேருந்து?"

'க்ளிக்' என்று ஸ்பீக்கர் அணைந்தது.

உள்ளே அவளைத் தவிர இன்னும் ஒரே ஒருவர்தான். காக்கிச் சட்டை போட்ட லாரி டிரைவர். அவள் மார்போடு அணைத்திருந்த வெள்ளை டப்பாவைப் பார்த்து மெல்ல மூலைக்கு நகர்ந்தார்.

"நிஜ இதயமாம்மா?"

"இல்லண்ணே, பயப்படாதீங்க. பிளாஸ்டிக். ஸ்கேன் படத்தை வச்சு நான் அச்சடிச்சது. ஓட்டை எங்க இருக்கு, எப்படி உள்ள போகணும்னு டாக்டர் இதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவார்."

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'அச்சாபீஸ்' என்று பெயர். அடித்தளத்தில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், பாத்திர அலமாரி அளவுக்கு ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம். நோயாளிகளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. மேலேயிருந்து ஸ்கேனும் ஓர் எண்ணும் வரும். கீழேயிருந்து ஓர் இதயம் போகும். அவ்வளவுதான்.

417-ஆம் எண்ணுக்கான இதயம் நேற்று மாலையே போய்விட்டது. இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் இருந்த இதயம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. ஸ்கேனை அச்சுக்கு மாற்றும்போது ஒரே ஒரு கட்டத்தில் தவறி டிக் விழுந்தால் இப்படித்தான் ஆகும். போன மாதம் இதே தப்புக்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள்.

'மறுபடியும் குளறிட்டியேடி!' என்று தலையில் அடித்துக்கொண்டாள். படத்தைத் திருப்பிப் போட்டு, ஐந்து மணி நேரம் இயந்திரத்தின் முன்னால் தவம் கிடந்து, சூடு ஆறுவதற்குள் அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். இந்தப் பாழாய்ப்போன லிஃப்ட் குறுக்கே நின்றுவிட்டது.

"தியேட்டருக்கு ஒரு போன் பண்ணுங்க," ஸ்பீக்கரிடம் இப்போது குரலைத் தாழ்த்தினாள். "நேத்து வந்ததைத் தொட வேண்டாம், புதுசு வருதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் இரண்டாவது கடிதம். அதற்குப் பிறகு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"என் பொண்ணையும் இப்பத்தாம்மா உள்ள கொண்டுபோறாங்க," என்றார் டிரைவர். "மருந்து வாங்கிட்டு வாங்கன்னு கீழ அனுப்பினாங்க. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை முகத்தைப் பாத்துடலாம்னு ஓடிவந்தேன்."

கையை உயர்த்தி நெற்றியைத் துடைத்தார். நோயாளியோடு இருப்பவர்களுக்குக் கட்டும் நீலப் பட்டை மணிக்கட்டில் தெரிந்தது. அதில் எண்: 417.

அவள் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். அதேதான். நாலு சுவரும் ஆளுக்கொரு அடி உள்ளே வந்ததுபோல் இருந்தது.

"எ... எத்தனை வயசு?"

"ஏழு. சரியான வாயாடி! எந்த டாக்டர் அவ நெஞ்சுல குழாயை வச்சாலும், உடனே மத்த டாக்டருங்களையும் கூப்பிட்டுக் கேக்கச் சொல்றாங்க. நேத்து ஆறு பேர் வரிசையில நின்னாங்க. 'ஏன் டாக்டர், உள்ள பாட்டு ஓடுதா?'ன்னு கேட்டுட்டா."

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "ஒண்ணும் ஆகாதில்லம்மா?"

அவள் திரும்பிக்கொண்டாள். இரண்டு கதவுகளுக்கு நடுவே நகத்தைக் கொடுத்து நெம்பினாள். நகம்தான் பிய்ந்தது. ஓடி ஒளியவும் இடமில்லை, அந்த மனிதரின் கண்ணைத் தவிர பார்க்கவும் எதுவுமில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. "மேடம், சொல்லியாச்சு. பழசை ஓரமா எடுத்து வச்சுட்டாங்களாம். 417-ம் நம்பர் குழந்தைக்கு மயக்க மருந்து குடுத்தாச்சு. பெரிய டாக்டர் கையைக் கழுவிட்டு உங்களுக்காகத்தான் நிக்கிறாராம்."

"குடுத்துட்டாங்களா?" டிரைவர் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "போகும்போது என்னைத் தேடியிருப்பாளே..."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும். அவர் எதிரில் மண்டியிட்டாள்.

"அண்ணே, என்னை மன்னிச்சிடுங்க. இது உங்க பொண்ணோட இதயம்தான். நேத்து நான் தப்பா அடிச்சு அனுப்பிட்டேன்."

"தப்புன்னா... என்ன தப்பு?"

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. விசிறி சுற்றியது. எண் பலகையில் நான்கு விழுந்தது. லிஃப்ட் ஏறத் தொடங்கியது.

"இடது பக்கம் சாஞ்சிருக்க வேண்டியது வலது பக்கம் திரும்பிடுச்சு. நல்லவேளை, கண்டுபிடிச்சுத் திருத்திட்டேன். இனிமே பயமே இல்லண்ணே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் எதுவோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. வாசலிலேயே நின்றிருந்த நர்ஸ், "எவ்வளவு நேரம்? குடுங்க, குடுங்க!" என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு தியேட்டரைப் பார்த்து ஓடினாள்.

டிரைவர் எழுந்து, அவளையும் தள்ளிக்கொண்டு பாய்ந்து, நர்ஸின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"அவளுக்குப் பொறந்ததுலேருந்தே இதயம் வலது பக்கம்தாம்மா!"