ஒரு சைஸ் சின்ன பூட்ஸ்

கால் பெருவிரல் பூட்ஸின் முனையில் இடித்து நசுங்கியது. குதிகாலில் இப்போதே எரிச்சல். "கச்சிதமா இருக்கு, இதையே பேக் பண்ணிடு," என்றான் டுவைட்.

கடைக்காரி லொரெய்ன் இடுப்பில் கை வைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே வகுப்பில் குப்பை கொட்டியவள். வாடிக்கையாளர் என்ற மரியாதையெல்லாம் அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

"உன் கால் என்ன, தேஞ்சு போச்சா? நீ பதினொண்ணு. இது பத்து. இதுக்குள்ள கம்பளி சாக்ஸ் வேற போகணும். மலை இறங்கறப்ப நகம் பேந்து கையோட வரும்."

"போடப் போட இளகிடும்."

"இளகறதுக்கு நாள் ஏது? நாளை மறுநாள் எல்க் மான் வேட்டை சீசன் திறக்கறாங்க."

டுவைட்டுக்கு வேண்டியதும் அதுதான். அந்த ஊர் வேட்டை முகாமில் எந்தச் சாக்கும் எடுபடாது. ஜுரம் என்றாலும் முதுகுவலி என்றாலும் கையில் கறுப்புக் காப்பியைக் கொடுத்து எழுப்பி விட்டுவிடுவார்கள். ஆனால் காலில் கொப்புளம் கண்டவனை மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடித்த மானைச் சுமப்பார்களா, அவனைச் சுமப்பார்களா?

முதல் நாளே கொப்புளம் வந்துவிட்டால் போதும். அப்புறம் சோபா, போர்வை, டிவியில் ஃபுட்பால். பனியில் கூடாரம் போட்டு, விறைத்த விரலோடு விடியலுக்குக் காத்திருக்கிற அவஸ்தை இந்த வருஷம் இல்லை.

நேராகச் சொல்லித் தொலைக்கலாமே என்றால், அதுதான் அவனால் முடியவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அப்பாவோடு மலையேறுகிறான். உச்சி மலையில் வேட்டையாடுவதற்கான பெர்மிட்டுக்கு அப்பாவும் பிள்ளையும் ஒரே மனுவாகப் போட்டு, வருஷக்கணக்கில் குலுக்கலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்து, இந்தத் தடவைதான் விழுந்திருக்கிறது. அப்பா காப்பிக் கடையில் கண்ணில் பட்டவரிடமெல்லாம், "எங்க பையனுக்கு விழுந்திருக்கு," என்று சொல்லிப் பூரித்துப் போனார். அவரிடம் போய், "எனக்கு வேட்டையே பிடிக்காதுப்பா," என்று எந்த முகத்தோடு சொல்வது?

அப்பா ஹார்லன் அந்தப் பக்கம் துணி அடுக்குகளைத் துழாவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு ஜீன்ஸ், இரண்டு பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ்.

லொரெய்ன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஹார்லன், நீங்களுமா? பருத்தி வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமா ஒட்டிக்கும், அப்புறம் காத்து அடிச்சா உயிரே உறைஞ்சிடும்னு ஊருக்கே பாடம் எடுத்தவராச்சே நீங்க."

"கம்பளி இப்பல்லாம் அரிக்குதும்மா."

"அரிக்காத தினுசு வந்திருக்கு. தொட்டுப் பாருங்க, பூ மாதிரி இருக்கு."

"வேணாம் வேணாம். எனக்கு இதுதான் சௌகரியம்."

டுவைட்டுக்குப் பகீரென்றது. ஒரு தடவை அவன் பருத்தி சட்டையோடு முகாமுக்குக் கிளம்பியதற்கு, பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்ன மனுஷன் இவர். வயசாகி புத்தி தடுமாறுகிறதா? இந்த உடுப்போடு மலையில் ஒரு ராத்திரி தங்கினால் என்ன ஆவார்? தான் நொண்டிக்கொண்டு முதல் நாளே இறங்கிவிட்டால் இவரை யார் பார்த்துக்கொள்வது?

அவனுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. குனிந்து பூட்ஸைக் கழற்றினான்.

"லொரெய்ன், பதினொண்ணையே எடு."

"அப்படி வா வழிக்கு."

"அப்பாவுக்கும் அந்த அரிக்காத கம்பளியில மேலுக்கும் காலுக்கும் எடு. கனமான சாக்ஸ், காத்து புகாத கோட்டு எல்லாம் போடு. ஜீன்ஸைத் திருப்பி வெச்சிடு."

"டேய், எனக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்றார் ஹார்லன்.

"நீங்க பேசாம இருங்கப்பா. இந்தத் தடவை கடைசி நாள் வரைக்கும் உங்களை விட்டு நகர மாட்டேன்."

ஹார்லன் மகனையும் கம்பளிக் குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் என்னவோ போலாகிவிட்டது. நெகிழ்ந்துவிட்டார் என்று டுவைட் நினைத்தான். "வண்டிகிட்ட இருக்கேன்," என்று முணுமுணுத்துவிட்டு அவர் வெளியே போனார்.

பில் போட்டு முடித்து, பைகளைத் தூக்கிக்கொண்டு டுவைட் வாசலுக்கு வந்தான். பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, அப்பா போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நீ சொன்ன யோசனை பலிக்கலை, மார்ஜ். பருத்தியைப் போட்டுக்கிட்டு முதல் நாளே நடுங்கிக் காட்டிட்டு வீட்டுக்கு வந்துடலாம்னு பார்த்தேன். பையன் விடலை. கடைசி நாள் வரைக்கும் கூடவே இருப்பானாம்."

அந்தப் பக்கம் அம்மா ஏதோ சொல்ல, ஹார்லன் பெருமூச்சு விட்டார்.

"எப்படிச் சொல்லச் சொல்றே? அவன் ஆசைப்படறானேன்னுதானே நான் இத்தனை வருஷமா போய்த் தொலையறேன்."