இனி வர வேண்டாம்

நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆஸ்பத்திரியில் யானெக்கேயின் பக்கத்து நாற்காலியை இன்றும் கோர் பிடித்திருந்தார். அவள் பக்கத்தில் இடம் கிடைக்காமல் எதிரே இருந்த ரூலோஃபுக்கு வயிறு எரிந்தது. நுரையீரலில் இருக்கும் பயறளவு கட்டி வளர்கிறதா என்று பார்க்க ஸ்கேனுக்கு வருகிறவர்கள் மூவரும். சந்திப்பது இங்கே மட்டும்தான்.

“எங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கு முடிஞ்சுது. அடுத்த ஸ்கேனும் ஒரே நாள்ல!” என்று யானெக்கேயைக் காட்டி ரூலோஃபிடம் கண்ணடித்தார் கோர்.

ரூலோஃபை உள்ளே கூப்பிட்டார்கள்.

“ரெண்டு வருஷமா வளரவே இல்ல. இனி நீங்க வர வேண்டாம்,” என்றார் டாக்டர்.

“இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடலாமே, டாக்டர்?”

“எதுக்கு? போய் சந்தோஷமா இருங்க!”

தொங்கிய முகத்தோடு வெளியே வந்து சேதியைச் சொன்னார். அங்கே காத்திருந்த எல்லாரும் எழுந்து கை குலுக்கினார்கள். அந்த நாட்டு முறைப்படி வீட்டாருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டுமே! ஒரு பெண்மணி சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த யானெக்கேயின் கையைப் பிடித்தாள்.

“வாழ்த்துகள்மா! உங்க வீட்டுக்காரருக்கு நல்லபடியா முடிஞ்சுது.”

“வீட்டுக்காரரா? அவரு வெறும் ஸ்கேன் கூட்டாளிங்க!” என்று கோர் சிரித்தார்.

யானெக்கே அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“ரொம்ப நன்றிங்க,” என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு ரூலோஃபைப் பார்த்தாள்.

“நல்ல சேதி உங்களுது, கேக்கு நீங்கதான் வாங்கணும். காபி எங்க வீட்டுல. வாங்க, போலாம்.”